ஆராயப்படாத குழந்தைமை: அமெரிக்கப் பள்ளிகளும் நிறவெறி எதிர்ப்பின் சுமையும்

1. கேள்வி

அமெரிக்க நிறவெறி எதிர்ப்புப் போராட்டம் என்றதும் நினைவுக்கு வரும் படங்களில் பல, குழந்தைகளின் படங்கள். 1957இல் லிட்டில் ராக் நகரில் குறிப்பேட்டை அணைத்தபடி கும்பலுக்கு முன்னால் தனியே நடந்த எலிசபெத் எக்ஃபோர்டுக்கு வயது 15. 1960இல் நியூ ஆர்லியன்ஸ் பள்ளியொன்றின் படிகளில் கூட்டாட்சி அரசின் காவலர்கள் சூழ ஏறி இறங்கிய ரூபி பிரிட்ஜஸுக்கு வயது 6. 1963இல் பர்மிங்ஹாம் வீதிகளில் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சுக்கு இலக்கானவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். இப்படங்களைச் சுற்றி நடந்த விவாதத்தில் இரண்டு நிலைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, இந்தக் குழந்தைகளை வீரத்தின் சின்னங்களாக வைத்துப் போற்றுகிறது. இரண்டாவது, பெரியவர்கள் தீர்த்திருக்க வேண்டிய வழக்கைக் குழந்தைகளின் தோளில் ஏற்றியது அறமா என்று கேட்கிறது. நேர் எதிராகத் தோன்றும் இவ்விரண்டு நிலைப்பாடுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டின் பார்வையும் கறுப்பினக் குழந்தை மீதே நிலைகுத்தி நிற்கிறது. அந்தப் படங்களிலேயே, ஓரத்திலோ பின்னணியிலோ, வேறு குழந்தைகளும் இருக்கிறார்கள். வாய் திறந்து கத்துகிறவர்கள், தாயின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். வெறுப்பு எங்கே, எந்த வயதில், யாரால் கற்பிக்கப்படுகிறது என்பதை அறிய விரும்பும் ஆய்வு இவர்களிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். அப்படித் தொடங்கவில்லை. இனச் சமத்துவத்தின் சோதனைக்களமாகக் கறுப்பினக் குழந்தையின் மனத்தை மட்டுமே வைத்துக்கொண்டதில் ஆய்வும் சட்டமும் பொதுநினைவும் ஒரே தவறைச் செய்தன என்பதும், அந்தத் தவறின் விலையைச் செலுத்தியவர்களும் கறுப்பினக் குழந்தைகளே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. பொம்மைச் சோதனை அளந்ததும் அளக்காததும்

இந்த வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1947இல் வெளியிட்டது. மேமி கிளார்க் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது அது. கென்னத்தின் பெயர் முன்னும் மேமியின் பெயர் பின்னும் சொல்லப்படும் வழக்கம் இன்றும் மாறவில்லை. மூன்று முதல் ஏழு வயதுவரையான 253 கறுப்பினக் குழந்தைகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டார்கள். இவர்களில் 134 பேர் ஆர்கன்சா மாநிலத்தின் இன ஒதுக்கல் பள்ளிகளிலும், 119 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இரு இனத்தாரும் சேர்ந்து படித்த பள்ளிகளிலும் பயின்றவர்கள். தோல் நிறத்திலும் முடி நிறத்திலும் தவிர வேறெதிலும் வேறுபாடில்லாத நான்கு பொம்மைகளை முன்வைத்து, எது விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது, எது உன்னைப் போல இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். 67 விழுக்காட்டினர் விளையாட வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தார்கள். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மை மோசமாக இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் 'உன்னைப் போல இருப்பது எது' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடினார்கள்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் எழும் இரக்கம் இயல்பானது. ஆனால் எண்கள் இரக்கத்தைவிடச் சிக்கலானவை. விளையாட வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தவர்கள் தெற்கில் 62 விழுக்காடு. இன ஒதுக்கல் பள்ளிகள் இல்லாத வடக்கில் 72 விழுக்காடு. பள்ளிகளைப் பிரித்துவைப்பதே குழந்தையின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்பதற்கு இந்த ஆய்வைச் சான்றாக்கினால், சேர்ந்து படித்தவர்களிடம் காயம் ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்ற கேள்வி வரும். பள்ளி இன ஒதுக்கலை எதிர்த்த பிரவுன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் தென் கரோலினாவுக்காக வாதாடிய ஜான் டேவிஸ் இந்த இடத்தில்தான் கை வைத்தார். தெற்கின் குழந்தைகள் தாழ்வை ஏற்றுப் பழகிவிட்டார்கள், வடக்கின் குழந்தைகளிடம் அந்த முரண் வெளிப்படையாகக் கொதிக்கிறது என்பது கென்னத் கிளார்க்கின் விளக்கம். இந்த விளக்கம் உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த விடை வந்தாலும் காயமே நிரூபணமாகும் என்றால், அந்தச் சோதனையின் நிரூபிக்கும் வலிமை குறைகிறது. 1951இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் இவ்வழக்குக்காகக் கிளார்க் சோதித்தவர்கள் 16 குழந்தைகள் மட்டுமே. அடிப்படை உரிமை ஒன்றை இத்தனை மெல்லிய அடித்தளத்தின் மேல் நிறுத்த வேண்டுமா என்று 1955இல் சட்டத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கான் கேட்டார். அவர் இன ஒதுக்கலை ஆதரித்தவர் அல்லர்; பிரவுன் தீர்ப்பை வரவேற்றவர்.

சோதனையின் விடைகளை வேறு விதமாகவும் வாசிக்கலாம். ராபின் பெர்ன்ஸ்டீன் 2011இல் வெளியிட்ட ஆய்வுநூலில், பொம்மைகளின் வரலாற்றையே சான்றாக எடுத்துக்கொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அமெரிக்கச் சந்தையில் விற்ற கறுப்புப் பொம்மைகள் பல அடிக்கவும் தூக்கியெறியவும் வேலைக்காரியாக வைத்து விளையாடவும் உருவாக்கப்பட்டவை. கதைப் புத்தகங்களும் அவ்விதமே விளையாடக் காட்டின. எனில், வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்த குழந்தை தன்னை வெறுத்தது என்று முடிவுகட்டத் தேவையில்லை. எந்தப் பொம்மை கொஞ்சுவதற்கு உரியதென்று தன் சமூகம் வைத்திருக்கிறதோ அதை அக்குழந்தை சரியாக அறிந்திருந்தது என்றும் கொள்ளலாம். இந்த வாசிப்பில் குழந்தை நோயாளி ஆவதில்லை. சமூகத்தை நுட்பமாகக் கவனித்த சாட்சி ஆகிறது. இருவகை வாசிப்பில் எது முழு உண்மை என்று இன்று தீர்க்க முடியாது. ஆனால் 1969இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஹ்ராபா, கிராண்ட் ஆகிய இருவர் இதே சோதனையைச் செய்தபோது பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் கறுப்புப் பொம்மையையே தேர்ந்தார்கள். கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் பரவியிருந்த காலம் அது. சுற்றியிருக்கும் பேச்சு மாறினால் விடையும் மாறுகிறது என்பது, சோதனை அளந்தது குழந்தையின் உள்மனத்தை மட்டுமல்ல என்ற ஐயத்தை வலுப்படுத்துகிறது.

இந்த விவாதங்களிலெல்லாம் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. 253 பேரில் ஒருவர்கூட வெள்ளையினக் குழந்தை இல்லையே, ஏன்? கிளார்க் தம்பதியரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. தங்கள் சமூகத்துக் குழந்தைகளைப் பற்றி அறிய முனைந்த இரண்டு இளம் ஆய்வாளர்கள் அவர்கள். வெள்ளையினக் குழந்தைகளின் மனத்தை ஆராயும் வாய்ப்பும் பணமும் வெள்ளையினப் பல்கலைக்கழகங்களிடமே இருந்தன. அந்த வழியில் முன்னோடி ஆய்வும் இருந்தது. 1936இல் யூஜீன் ஹோரோவிட்ஸ் நியூயார்க்கிலும் தெற்கிலும் வெள்ளையினச் சிறுவர்களைச் சோதித்து, கறுப்பின மக்கள்மீதான பகைமை அவர்களோடு பழகுவதால் வருவதில்லை, அவர்களைப் பற்றிச் சுற்றியுள்ளோர் கொண்டிருக்கும் மனப்பான்மையோடு பழகுவதால்தான் வருகிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். நியூயார்க்கில் வளர்ந்த சிறுவர்களும் இதில் விலக்காக இருக்கவில்லை. கறுப்பினக் குழந்தையின் காயத்தைப் பற்றிய ஆய்வு நீதிமன்றத்துக்குப் போனது. வெள்ளையினக் குழந்தையின் பகைமையைப் பற்றிய ஆய்வு நூலகத்திலேயே இருந்துவிட்டது.

3. தீர்ப்பு எதைக் கேட்டது

1954 மே 17 அன்று ஏர்ல் வாரன் தலைமையிலான உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த பிரவுன் வழக்குத் தீர்ப்பு, பொதுப் பள்ளிகளில் இன ஒதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. அதன் பதினோராம் அடிக்குறிப்பு கென்னத் கிளார்க்கின் கட்டுரை ஒன்றையும் சுட்டியது. பிரித்துவைத்தல் கறுப்பினக் குழந்தைகளிடம் தாழ்வுணர்ச்சியை உண்டாக்குகிறது, அது அவர்கள் மனத்தை மீட்க முடியாதபடி பாதிக்கக்கூடும் என்ற கருத்தே தீர்ப்பின் மையம். ஆனால் வழக்காடியவர்களின் மனுவோடு முப்பதுக்கும் மேற்பட்ட சமூக அறிவியலாளர் கையெழுத்திட்டு இணைத்த அறிக்கை இதோடு நிற்கவில்லை. பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு நேரும் கேட்டையும் அது தனியே விவரித்தது. பிறரைத் தாழ்த்தித் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ள இக்குழந்தைகள் பழகுகிறார்கள். நீதியும் சமத்துவமும் பேசுகிற அதே பெரியவர்கள் பாகுபாட்டைக் கடைப்பிடிப்பதைக் கண்டு குழம்புகிறார்கள் என்று அவ்வறிக்கை எச்சரித்தது. தீர்ப்பில் இப்பகுதியின் சுவடே இல்லை. ஒன்பது நீதிபதிகளின் ஒருமனதைப் பாதுகாக்க வாரன் தேர்ந்துகொண்ட சுருக்கமும் அடக்கமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விளைவு மாறவில்லை: கறுப்பினப் பள்ளியும் கறுப்பினக் குழந்தையும் குறையுடையவையாகவும், வெள்ளையினப் பள்ளி அக்குறையைத் தீர்க்கும் இடமாகவும் சட்டத்தின் மொழியில் பதிந்தன.

இது வெறும் சொல்லாட்சிப் பிரச்சினை அல்ல. இணைப்பு நடந்த இடங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கிலும் எல்லையோர மாநிலங்களிலும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது. கறுப்பினக் குழந்தையை மரியாதையோடு நடத்தப் பழகிய ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்படிப் பழகாதவர்களிடம் குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள். 'சேதமடைந்த ஆன்மா' என்ற படிமம் இரக்கத்தைக் கொண்டுவருவதோடு இளக்காரத்தையும் கொண்டுவருகிறது என்று வரலாற்றாசிரியர் டேரில் மைக்கேல் ஸ்காட் 1997இல் எழுதிய நூலில் காட்டினார். ஆசிரியர்களுக்கு நேர்ந்தது அவர் வாதத்துக்கு நல்ல சான்று.

4. ஆரெண்டின் ஆட்சேபம்

குழந்தைகளை முன்னிறுத்தியதற்கு எதிரான மறுப்புகளில் இன்றும் பேசப்படுவது ஹன்னா ஆரெண்டுடையது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அறிஞர் அவர். லிட்டில் ராக் நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1959இல் 'டிஸென்ட்' இதழில், ஆசிரியர் குழுவின் உடன்பாடின்மைக் குறிப்போடு வந்தது. செய்தித்தாளில் தாம் பார்த்த ஒரு படத்திலிருந்து அவர் தொடங்குகிறார்: கேலி செய்யும் இளைஞர் கூட்டம் பின்தொடர, தந்தையின் நண்பரோடு பள்ளியிலிருந்து வரும் கறுப்பினச் சிறுமி. தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்களால் தீர்க்க முடியாததைத் தீர்க்கும் வீரர்களாகக் குழந்தைகளை ஆக்கலாமா, இந்தச் சிறுமியின் தாய் தந்தையர் எங்கே என்பது அவர் கேள்வி. அரசியல், சமூகம், தனிவாழ்வு என்று மூன்று தளங்களைப் பிரித்து, பள்ளி அரசியல் தளத்துக்கு உரியதன்று என்றும் வாதிட்டார்.

இந்த வாதத்தின் முதல் பலவீனம் தகவல் சார்ந்தது. ஆரெண்ட் விவரிக்கும் படம் லிட்டில் ராக்கில் எடுக்கப்பட்டதன்று. லிட்டில் ராக்கில் எலிசபெத் நடந்த அதே 1957 செப்டம்பர் 4 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில் டோரதி கவுண்ட்ஸ் என்ற 15 வயதுச் சிறுமி பள்ளியில் சேரச் சென்றபோது எடுக்கப்பட்ட படத்தோடுதான் அவர் தரும் விவரம் பொருந்துகிறது. டோரதி நான்கு நாட்களில் அப்பள்ளியிலிருந்து விலக நேர்ந்தது. லிட்டில் ராக்கைப் பொறுத்தவரை, பெற்றோர் எங்கே என்ற கேள்விக்கு விடை இருந்தது. பெற்றோர் உடன் வந்தால் கும்பல் மேலும் வெறிகொள்ளும் என்று சொல்லி, கல்வி அதிகாரியே அவர்களை வர வேண்டாம் என்றார். பள்ளியில் சேரவிருந்த ஒன்பது கறுப்பின மாணவரும் ஒன்றாகச் செல்வதென்று முந்தைய இரவில் மாற்றப்பட்ட ஏற்பாடு எக்ஃபோர்டு வீட்டுக்கு எட்டவில்லை. அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் அனுப்பிய தேசியக் காவல்படையினர் வெள்ளையின மாணவர்களை உள்ளே விட்டு எலிசபெத்தைத் தடுத்தார்கள். பெற்றோரின் பொறுப்பின்மை என்று ஆரெண்ட் கண்டது உண்மையில் அரசின் ஆணையும் ஏழ்மையின் குறுக்கீடும்.

இரண்டாவது பலவீனம் ஆழமானது. கறுப்பினத் தாயாக இருந்தால் தாம் என்ன செய்திருப்போம் என்று ஆரெண்ட் பின்னர்த் தம் விமர்சகர்களுக்கு எழுதிய பதிலில் கேட்டுக்கொள்கிறார். தெற்கின் வெள்ளையினத் தாயாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்றும் கேட்கிறார். இரண்டாம் கேள்விக்கு அவர் தரும் விடை, தன் குழந்தை யாரோடு அமர்ந்து படிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட முடியுமா என்ற உரிமைப் பிரச்சினையோடு முடிந்துவிடுகிறது. அந்தக் குழந்தை ஏற்கெனவே என்ன கற்றுக்கொண்டிருக்கிறது, யாரிடமிருந்து என்று அவர் கேட்கவில்லை. பிரித்துவைத்த பள்ளி அரசியலற்ற இடம் என்று கருதினால் மட்டுமே, அதை ஒன்றிணைப்பது குழந்தைகளை அரசியலுக்குள் இழுப்பதாகத் தோன்றும். நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் 1965இல் வெளியான நேர்காணலில் இதை வேறு கோணத்தில் எதிர்கொண்டார். பகைமை சூழ்ந்த நாட்டில் தன் அச்சத்தையும் கோபத்தையும் அடக்கி நிற்கக் கறுப்பினக் குழந்தை எப்படியும் கற்றாக வேண்டும், பெற்றோர் அதை அறிந்தே அனுப்புகிறார்கள் என்றார் அவர். அதே ஆண்டு ஆரெண்ட் எலிசனுக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தியாகத்தின் பொருளைத் தாம் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். பெரிய சிந்தனையாளர்கள் அரிதாகச் செய்கிற காரியம் இது. ஆனாலும் எலிசனின் விடையும் கறுப்பினக் குழந்தையின் பக்கத்தையே விளக்குகிறது. அந்தக் குழந்தை ஏன் தாங்க வேண்டும் என்பதற்கு அதில் விடை உண்டு; எதிரே நிற்பவனை யார் அப்படி ஆக்கினார்கள் என்பது மறுபடியும் கேட்கப்படாமல் போகிறது.

5. அழைத்துவரப்பட்டவர்களா, வந்தவர்களா

குழந்தைகள் கருவிகளாக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டை நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றைத் தொடங்கிவைத்தவர்கள் மாணவர்களே. வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் 180 பேருக்காகக் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். எஞ்சியவர்களுக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ், தலைமையாசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டி வேலைநிறுத்தத்தைத் தொடங்கினாள். பெரியவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை. மாணவர்கள் கேட்டது நல்ல கட்டடம். இன ஒதுக்கலையே எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்று சொன்னவர்கள் பின்னர் வந்த வழக்கறிஞர்கள். மாண்ட்கோமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்து 1955 மார்ச் 2 அன்று கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு நடந்தது அது.

பர்மிங்ஹாம் இதைவிடச் சிக்கலானது. 1963 வசந்தத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்குச் சிறை செல்லப் போதிய பெரியவர்கள் கிடைக்கவில்லை. போனால் வேலை போய்விடும். மாணவர்களுக்கு இழக்க வேலை இல்லை என்று கணக்கிட்டு அவர்களைத் திரட்டியவர் ஜேம்ஸ் பெவல். 1950களில் நாக்பூரில் தங்கிக் காந்தியின் முறைகளைப் பயின்று திரும்பிய ஜேம்ஸ் லாசனின் பயிற்சி வகுப்புகளில் உருவானவர் அவர். மே 2 அன்று பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அணியணியாக வெளியே வந்தார்கள். மறுநாள் காவல்துறைப் பொறுப்பாளர் புல் கானர் நாய்களையும் நீர்ப்பீரங்கிகளையும் ஏவினார். கைதானவர்களில் ஒன்பது வயது ஆட்ரி ஹெண்ட்ரிக்ஸ் ஏழு நாட்கள் சிறையில் இருந்தாள். ராபர்ட் கென்னடி இதைக் கண்டித்தார். முற்றிலும் வேறு திசையிலிருந்து மால்கம் எக்ஸும் கண்டித்தார். மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. பத்து நாட்கள் கழித்து, கலந்துகொண்ட 1,081 மாணவர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க நகரக் கல்வி வாரியம் ஆணையிட்டது. மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதை உடனே தடுத்தார்.

மால்கம் எக்ஸின் கண்டனத்தில் பாதி நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். நாய் பாயும் படம் நாளிதழில் வர வேண்டும் என்ற கணக்கு இயக்கத்தில் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் புனிதக் கதை சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கண்டனம், பாதுகாப்பான வீட்டை விட்டுக் குழந்தைகள் ஆபத்துக்குள் நடத்திச்செல்லப்பட்டார்கள் என்று அனுமானித்துக்கொள்கிறது. அவர்கள் வாழ்ந்த பகுதியில் வெடிகுண்டுகள் அடிக்கடி வெடித்தன. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 15 ஞாயிறன்று, எந்த ஊர்வலத்திலும் இல்லாமல் அதே தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்த நான்கு சிறுமிகள் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. குழந்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு நடத்தக்கூடிய நிறவெறி என்று ஒன்று அங்கே இருக்கவில்லை.

6. மறுபக்கம்

அதே ஞாயிறு பிற்பகலில், அண்ணன் ஓட்டிய மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்ந்து சென்ற 13 வயது வர்ஜில் வேர் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவனுக்கு வயது 16. உடன் வந்தவனுக்கும் 16. இருவரும் சாரணர் இயக்கத்தின் உயர்ந்த தகுதியைப் பெற்றவர்கள். அன்று இன ஒதுக்கல் ஆதரவுக் கூட்டத்துக்குப் போயிருந்தவர்கள். நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த ஏழு மாதத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பாக மாறியது. பர்மிங்ஹாமின் கறுப்பின மாணவர்களின் உளவியல் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நல்ல குடும்பம், நல்ல பள்ளி, சாரணர் பயிற்சி என எல்லாம் வாய்த்த ஒரு சிறுவன் எப்படி அந்தத் துப்பாக்கியைத் தூக்கினான் என்பதை ஒரு நகரம், ஒரு கல்வித்துறை, தன் கேள்வியாக எடுத்துக்கொண்டதற்குச் சான்று மிகக் குறைவு.

தெற்கிலேயே பிறந்த வெள்ளையின எழுத்தாளர் லிலியன் ஸ்மித் 1949இல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி காட்டியிருந்தார். கடவுள், உடல், நிறம் ஆகிய மூன்றைப் பற்றிய பாடங்களும் வெள்ளையினக் குழந்தைக்கு ஒரே மூச்சில், ஒரே அன்பான குரலில் ஊட்டப்படுவதை அவர் விவரித்தார். வெறுப்பைக் கற்பிக்கிறவர்கள் கொடியவர்களாக இருக்கத் தேவையில்லை என்பதே அந்நூலின் சங்கடமான உண்மை. நியூ ஆர்லியன்ஸ் இதைப் பட்டவர்த்தனமாக்கியது. 1960 நவம்பரில் ரூபி பிரிட்ஜஸ் நுழைந்ததும் வெள்ளையினப் பெற்றோர் தம் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்றார்கள். நாள்தோறும் வாயிலில் நின்று வசைபாடியவர்களில் தாய்மார்கள் பலர். சிறிய சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மை ஒன்றை வைத்துக் காட்டினார்கள். ரூபி அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியையிடம் ஒற்றை மாணவியாகப் படித்தாள். ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர் அவளைத் தொடர்ந்து சந்தித்து எழுதினார். அச்சந்திப்புகளிலிருந்து உலகம் அறிந்த நூல்கள் வந்தன. புறக்கணிப்பை மீறித் தம் குழந்தைகளைத் தொடர்ந்து அப்பள்ளிக்கு அழைத்துவந்த வெள்ளையினரும் இருந்தார்கள். போதகர் லாயிட் ஃபோர்மன் தம் ஐந்து வயது மகளோடும், டெய்சி கேப்ரியல் தம் ஆறு வயது மகளோடும் அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்தார்கள். ஃபோர்மனின் வீடு சேதப்படுத்தப்பட்டது. கேப்ரியல் குடும்பம் ஊரை விட்டே ரோட் ஐலண்டுக்குப் போக நேர்ந்தது. ரூபியை அறிந்த எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும்? வெறுப்பு பரம்பரைச் சொத்தாகத் தானே இறங்குவதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் அதை ஏற்கவும் மறுக்கவும் வழி இருந்தது என்று நிரூபித்தவர்கள் பொதுநினைவிலிருந்து நழுவியது தற்செயல் என்று தோன்றவில்லை. அவர்களை நினைவில் வைத்தால், மற்றவர்கள் ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி எழும்.

லிட்டில் ராக் படத்தில் எலிசபெத்தின் பின்னால் கத்தும் ஹேசல் பிரையனுக்கும் வயது 15தான். பள்ளிக்குள் அந்த ஆண்டு நடந்த துன்புறுத்தலில் ஒன்பது பேரில் ஒருத்தியான மினிஜீன் பிரவுன் பதிலடி கொடுத்ததற்காக 1958 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டாள். ஒன்று ஒழிந்தது, மீதி எட்டு என்ற பொருளில் மாணவர்கள் அட்டை அச்சிட்டு வழங்கினார்கள். அந்த அட்டையை அச்சிட்டவர்கள் யார், அவர்களுக்குப் பள்ளி என்ன கற்பித்தது? 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், இனங்கள் கலந்து பழகுவது பகைமையைக் குறைக்க வேண்டுமானால் சம நிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகியவை தேவை என்று வகுத்திருந்தார். ராணுவத்தின் துணையோடு ஒன்பது பேரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு நடுவே விட்ட ஏற்பாட்டில் இவற்றில் எதுவும் இல்லை. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் அரோன்சன், பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்து, பிறர் துணையின்றி எவரும் பாடத்தை முழுதாக அறிய முடியாதபடி வகுப்பை மாற்றினார். பகைமை தணிந்தது. கறுப்பினக் குழந்தையிடம் கூடுதல் துணிவைக் கேட்காமல், வகுப்பறையின் விதிகளை மாற்றிக் கிடைத்த பலன் அது.

7. மறுப்புகள்

காயத்தைக் காட்டாமல் வழக்கில் வென்றிருக்க முடியுமா என்று கேட்கலாம். 1896 முதல் நிலவிய 'தனியே, ஆனால் சமமாக' என்ற கோட்பாட்டை உடைக்க, கட்டடமும் சம்பளமும் சமமானாலும் தீராத கேடு ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் 1950இல் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக வழக்குகளில் உச்ச நீதிமன்றம், அளக்க முடியாத கல்விச் சமமின்மைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தீர்ப்பளித்திருந்தது. அதற்கு எவருடைய உள்மனமும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. வழக்கறிஞர்களின் உத்தியை அக்காலத்தின் நெருக்கடியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அதையே பின்வந்த ஆய்வின் எல்லையாக ஏற்க வேண்டியதில்லை.

வெள்ளையினக் குழந்தைகளும் குழந்தைகள்தானே, அவர்களை ஆய்வுக் கூண்டில் நிறுத்துவது கொடுமையில்லையா என்பது இன்னொரு மறுப்பு. கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவாவின் ரைஸ்வில் ஊரில் ஜேன் எலியட் தம் மூன்றாம் வகுப்பு வெள்ளையின மாணவர்களைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, பாகுபாட்டை உணரச் செய்தார். அந்தப் பயிற்சியின் முறையிலும் நிலைத்த பயனிலும் ஐயங்கள் உண்டு. ஒப்புதல் இல்லாமல் குழந்தைகளை அவமானத்துக்கு உள்ளாக்கியது குறையே. ஆனால் குழந்தைகளைப் புண்படுத்திவிட்டார் என்று எழுந்த கோபத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். மிகச் சில நாட்கள் நடந்த வகுப்புப் பயிற்சிக்கு எழுந்த அந்தக் கோபம், வாழ்நாள் முழுவதும் அதையே அனுபவித்தவர்களின் பொருட்டு எழவில்லை. பத்து வயதைத் தாண்டிய கறுப்பினச் சிறுவர்களை மற்றச் சிறுவர்களைவிடக் குறைந்த அப்பாவித்தனம் உடையவர்களாகப் பெரியவர்கள் கருதுவதை ஃபிலிப் காஃபும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். குழந்தைமையின் பாதுகாப்பே நிறத்தின்படி பங்கிடப்பட்டிருக்கிறது. வெள்ளையினக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று ஆராய்வது அக்குழந்தைமேல் பழி சுமத்துவதாகாது. கற்பித்தவர்களை அடையாளம் காண வேறு வழி இல்லை. 2010இல் சிஎன்என் தொலைக்காட்சிக்காக உளவியலாளர் மார்கரெட் பீல் ஸ்பென்சர் இரு இனக் குழந்தைகளையும் சோதித்தபோது, வெள்ளை நிறத்துக்குச் சாதகமான சாய்வு வெள்ளையினக் குழந்தைகளிடமே மிக அதிகமாக இருந்தது. அது சிறிய முன்னோட்ட ஆய்வுதான். ஆயினும், பொம்மைகளை மறுபக்கத்துக் குழந்தையின் முன்னும் வைத்ததும் கிடைத்த விடை அது.

இவையெல்லாம் மனத்தைப் பற்றிய பேச்சு, நிறவெறியின் வேர் நிலத்திலும் கூலியிலும் குடியிருப்பிலும் அல்லவா இருக்கிறது என்பது இடதுசாரிகளின் மறுப்பு. அதில் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் மனமும் செலவு செய்தே உருவாக்கப்படுகிறது. பார்பரா ஜான்ஸ் வேலைநிறுத்தம் செய்த பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம், நீதிமன்ற ஆணைக்குப் பணியாமல் 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் அக்காலத்தின் பெரும்பகுதியைப் பள்ளியே இல்லாமல் கழித்தார்கள். வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குக் கல்வி உதவித்தொகை, வரிச்சலுகை என்ற வடிவங்களில் பொதுப்பணம் போனது. அங்கே படித்தவர்களிடம் தங்களுக்கு மட்டும் பள்ளி ஏன் திறந்திருக்கிறது என்பதற்கு என்ன விளக்கம் சொல்லப்பட்டது என்பது பொருளாதாரக் கேள்வியும்தான்.

2023இல் ஃப்ளோரிடாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் ரூபி பிரிட்ஜஸைப் பற்றிய திரைப்படம், ஒரு பெற்றோரின் புகாரால் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. வெள்ளையினத்தார் கறுப்பினத்தாரை வெறுக்கிறார்கள் என்று அது குழந்தைகளுக்குக் கற்பித்துவிடக்கூடும் என்பது புகாரின் சாரம். ஆறு வயதில் ரூபி நேரில் கேட்ட வசைகளைத் திரையில்கூடக் கேட்காமல் காக்கப்பட வேண்டிய குழந்தை எது என்பதை அப்புகார் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ரூபியின் துணிவைப் பாடநூலில் வைத்திருக்கும் கல்வித்துறைகள், அவளைச் சூழ்ந்து நின்றவர்களின் வீடுகளையும் பள்ளிகளையும் பாடமாக்காதவரை, அந்தத் துணிவை அவளிடமிருந்து இரண்டாம் முறையாகவும் இலவசமாகப் பெற்றுக்கொள்கின்றன.